இணைப்பு எந்த பிரவுசரில் திறக்க வேண்டும்: ஒரு வரி அலுவலகத்தில் நடந்ததும் கீபாஸில் செய்த மாற்றங்களும்

பின்னணி

திருப்பூரில் ஒரு சிறிய வரி ஆலோசனை அலுவலகம். நடத்துபவர் ஒருவர், அவரிடம் வேலை பார்ப்பவர்கள் நான்கு பேர், ஐந்து கணினிகள், ஏறக்குறைய 140 வாடிக்கையாளர்கள். அலுவலகத்தின் பெயரோ ஆட்களின் பெயரோ இங்கே வேண்டாம். அந்தக் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவன் என்ற முறையில் இதில் தொடக்கம் முதல் நான் இருந்தேன், என் பக்கத்துத் தவறும் இதில் இருக்கிறது. இதே மாதிரி அலுவலகங்கள் ஊருக்கு ஊர் இருப்பதால் நடந்ததை முழுதாக எழுதி வைக்கிறேன்.

வாடிக்கையாளர்களில் பெரும்பாலானோர் நிட்டிங், பவர்டேபிள், காஜா பட்டன் என்று ஜாப் ஒர்க் செய்கிறவர்கள். அண்ணன் ஒரு நிறுவனம், தம்பி ஒரு நிறுவனம், வீட்டுக்காரம்மா பெயரில் இன்னொன்று என்று ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று இருக்கும். எல்லாப் பெயரும் குலதெய்வத்தின் பெயரில்தான் தொடங்கும், கடைசிச் சொல் மட்டும் மாறும். ஜிஎஸ்டி எண்ணைப் பார்த்துப் பிரிக்கலாம் என்றால், தமிழ்நாட்டு எண்கள் எல்லாமே 33 என்றுதான் ஆரம்பிக்கும். அதற்கு அடுத்த பத்து எழுத்துகள் பான் எண், மொத்தம் 15. அவசரத்தில் யாரும் அதை முழுதாகப் படிப்பதில்லை.

முன்பு எல்லா பாஸ்வேர்டும் ஒரு எக்செல் கோப்பில் இருந்தன. அதை விட்டுவிட்டு கீபாஸுக்கு மாறி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைப்பதற்காக டாமினிக் ரைக்ல் என்பவர் உருவாக்கிய இலவச மென்பொருள் அது, 2003-லிருந்து இருக்கிறது. பாஸ்வேர்டுகள் பூட்டிய ஒரே கோப்பாக, அலுவலகத்தின் பொதுக் கோப்புறையில் இருந்தது. ஐந்து பேரும் அதையே திறந்து பயன்படுத்தினார்கள். பதிவைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல் யூ அழுத்தினால் தளம் திறக்கும், அப்புறம் பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் காப்பி செய்து ஒட்டுவார்கள். தளம் எந்த பிரவுசரில் திறக்கிறது என்று ஒருவரும் யோசித்ததில்லை. நானும் யோசிக்கவில்லை. விண்டோஸில் எது முதன்மை பிரவுசராக இருக்கிறதோ அதில் திறந்தது.

அன்று நடந்தது

மாதத்தின் 10-ஆம் தேதி. மாதாமாதம் தாக்கல் செய்கிறவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 (போட்ட பில்களின் விவரம் சொல்லும் ரிட்டர்ன்) கடைசி நாள் 11 என்பதால் அலுவலகத்தில் மூச்சுவிட நேரமில்லாத நாள். வேலையில் சேர்ந்து எட்டு மாதமான பெண் ஒருவர், அண்ணன் நிறுவனத்தின் பழைய ரிட்டர்ன் ஒன்றை எடுப்பதற்காக ஜிஎஸ்டி தளத்தில் அவர் கணக்கில் உள்ளே போயிருந்தார். அதை எடுத்து முடித்துவிட்டு, வெளியேறாமல், கீபாஸுக்கு வந்து தம்பி நிறுவனத்தின் பதிவில் கண்ட்ரோல் யூ அழுத்தினார். அதே குரோமில் அடுத்த டேப் திறந்தது. பாஸ்வேர்டு கேட்கவில்லை, நேராக உள்பக்கம் வந்துவிட்டது. சரி, காலையில் போட்டது இன்னும் இருக்கிறது போல என்று அவர் நினைத்திருக்கிறார்.

தம்பி நிறுவனத்தின் ஒன்பது பில்களையும் ஒவ்வொன்றாக அடித்தார். சுருக்கத்தைப் பார்த்தார், மொத்தத் தொகை கையில் இருந்த தாளோடு பொருந்தியது. தாக்கல் செய்ய ஓடிபி அனுப்பும்படி கொடுத்தார். கையெழுத்திடுபவர் பட்டியலில் ஒரே பெயர்தான் இருந்தது, அதைப் படிக்காமலே தேர்வு செய்துவிட்டார்.

இரண்டு நிமிடத்தில் அலுவலகத்துக்கு போன் வந்தது. அண்ணன்தான்.

“ஏனுங்க, எங்களுது நாளைக்குத்தான்னு சொன்னீங்க. இன்னைக்கே ஓடிபி வருது?”

போனை எடுத்த மூத்த ஊழியர் திரும்பிப் பார்த்துக் கேட்க, அந்தப் பெண் திரையின் மேலே இருந்த பெயரை அப்போதுதான் படித்தார். “அக்கா, நான் இன்னும் சப்மிட் கொடுக்கலைங்க” என்றார். குரல் உடைந்துபோயிருந்தது. ஒன்பது பில்களையும் நீக்கிவிட்டு, வெளியேறி, தம்பி கணக்கில் புதிதாக உள்ளே போய் மறுபடி அடித்தார்கள்.

தாக்கல் ஆகியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தம்பியிடம் வேலை கொடுத்தவர்களின் ஜிஎஸ்டிஆர்-2பி-யில், அதாவது அவர்களுக்கு மற்றவர்கள் போட்ட பில்களைத் தளம் காட்டும் பட்டியலில், அந்தப் பில்கள் அண்ணன் நிறுவனம் போட்டவையாகக் காட்டும். அவர்கள் கையில் இருக்கும் பில்லில் ஒரு ஜிஎஸ்டி எண், தளத்தில் வேறொரு எண், அதனால் உள்ளீட்டு வரியை (பில்லில் கட்டிய வரியை) கழித்துக்கொள்வதில் குழப்பம். தாக்கல் செய்த ஜிஎஸ்டிஆர்-1-ஐத் திரும்ப எடுத்து அழிக்க முடியாது, திருத்தமாகத்தான் சரிசெய்ய வேண்டும். இரண்டு குடும்பத்துக்கும் அவர்களிடம் வேலை கொடுத்தவர்களுக்கும் பதில் சொல்லிக்கொண்டே ஒரு மாதம் ஓடியிருக்கும். அண்ணன் அந்த நேரத்தில் போனைப் பார்த்ததால் தப்பியது.

என்ன கவனித்தோம்

மறுநாள் தாக்கல் எல்லாம் முடிந்தபிறகு நடத்துபவர் என்னை அழைத்தார். அந்தப் பெண்ணை யாரும் திட்டவில்லை, அதை இங்கே சொல்லியாக வேண்டும். “இது இந்தப் பொண்ணு தப்பில்ல, யாருக்கு வேணாலும் நடந்திருக்கும், வழியப் பாருங்க” என்றார். நான் அரை நாள் ஒவ்வொரு கணினிக்குப் பின்னாலும் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவர்கள் வேலை செய்வதைப் பார்த்தேன்.

முதலில் தெரிந்தது, ஐந்து கணினியில் மூன்றில் குரோம் முதன்மை பிரவுசர், இரண்டில் எட்ஜ். ஒரே பதிவு, ஒரே விசை, ஆனால் இடத்துக்கு இடம் வேறு பிரவுசர். எட்ஜ் வந்தால் பிடிக்காதவர்கள் முகவரியை காப்பி செய்து குரோமில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது, டிஎஸ்சி, அதாவது யுஎஸ்பி டோக்கனில் இருக்கும் டிஜிட்டல் கையெழுத்து. கம்பெனிகளும் எல்எல்பிகளும் (வரையறுத்த பொறுப்புள்ள கூட்டு நிறுவனங்கள்) டிஜிட்டல் கையெழுத்து போட்டுத்தான் ஜிஎஸ்டி தாக்கல் செய்ய வேண்டும், தனி உரிமையாளர்களான ப்ரொப்ரைட்டர்களுக்கு ஓடிபி போதும். அந்தக் கையெழுத்து மென்பொருள் கணினிக்குள்ளேயே 127.0.0.1 என்ற முகவரியில் காத்திருக்கும், தளம் பிரவுசர் வழியாக அதோடு பேசும். அதன் பாதுகாப்புச் சான்றிதழை பிரவுசர் ஏற்க வேண்டும், ஒரு பிரவுசரில் எச்சரிக்கையைத் தாண்டி ஏற்றுக்கொண்டால் அது அந்த பிரவுசருக்கு மட்டும்தான். இந்த அலுவலகத்தில் இரண்டு கணினிகளில், எட்ஜில் மட்டும் அது செய்யப்பட்டிருந்தது. ‘டோக்கன் சில நாள் வேலை செய்யும், சில நாள் செய்யாது’ என்று மாதக்கணக்கில் என்னிடம் வந்துகொண்டிருந்த புகாரின் காரணம் இதுதான். குரோமில் திறந்த நாளில் வேலை செய்யவில்லை, எட்ஜில் திறந்த நாளில் செய்தது. நான் டோக்கனை மாற்றச் சொல்லி, யுஎஸ்பி துளையை மாற்றிப் பார்த்து, எத்தனையோ மணி நேரம் வீணடித்திருக்கிறேன்.

மூன்றாவதுதான் முக்கியமானது. பிரவுசரில் ஒரு தளத்தில் உள்ளே போனால், அதற்கான அடையாளம் குக்கி என்ற சிறு தகவலாக அந்த பிரவுசரில் இருக்கும். டேப் எத்தனை திறந்தாலும் குக்கி ஒன்றுதான். ஆகவே ஒரே தளத்துக்கு இரண்டு கணக்குகள் ஒரே பிரவுசரில் அடுத்தடுத்த டேபில் நிற்க முடியாது, ஒன்று மற்றதன் மேல் ஏறிவிடும். கீபாஸில் பதிவு வேறுவேறாக இருந்தாலும் முகவரி ஒன்றுதானே. 140 பதிவுகள் ஒரே முகவரிக்குப் போகின்றன, பிரவுசருக்கு அது யாருடைய பதிவிலிருந்து வந்தது என்று தெரியாது.

முதல் முடிவு, அது ஏன் தோற்றது

அவசரத்தில் நான் எடுத்த முதல் முடிவு இது. கீபாஸில் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், இன்டகிரேஷன் என்று போனால் யூஆர்எல் ஓவர்ரைட்ஸ் என்ற பொத்தான் இருக்கிறது. அதில் இணைய முகவரிகளை எந்த பிரவுசரில் திறக்க வேண்டும் என்று மொத்தமாகச் சொல்லிவிடலாம். பயர்பாக்ஸ், குரோம் போன்றவற்றுக்கான வரிகள் அங்கே ஏற்கெனவே தயாராக இருக்கும், டிக் போட்டால் போதும். எல்லாமே பயர்பாக்ஸில் திறக்கட்டும், அலுவலக வேலைக்கு பயர்பாக்ஸ், சொந்த வேலைக்கு குரோம் என்று பிரித்துவிட்டால் குழப்பம் தீரும் என்று நினைத்தேன். ஒரு கணினியில் டிக் போட்டேன், வேலை செய்தது, மாலை ஆகிவிட்டதால் கிளம்பிவிட்டேன்.

அடுத்த நாள் காலை பத்து மணிக்குள் மூன்று போன்.

மற்ற நான்கு கணினியிலும் எதுவும் மாறவில்லை. அந்த அமைப்பு பாஸ்வேர்டு கோப்புக்குள் போவதில்லை, ஒவ்வொரு கணினியிலும் கீபாஸின் சொந்த அமைப்புக் கோப்பில்தான் உட்காருகிறது. கோப்பு பொதுவாக இருப்பதால் அமைப்பும் பொதுவாக இருக்கும் என்று நான் எண்ணியது தவறு.

மாற்றிய கணினியோ டோக்கன் வைத்திருந்த இரண்டில் ஒன்று. பயர்பாக்ஸ் சான்றிதழ்களுக்குத் தன் சொந்தப் பட்டியலை வைத்திருக்கும் பிரவுசர், அதில் கையெழுத்து மென்பொருளை யாரும் ஏற்றுக்கொண்டிருக்கவில்லை. கம்பெனி ரிட்டர்ன் ஒன்று கையெழுத்தில் போய் நின்றுவிட்டது.

இது இரண்டும் சரியாகியிருந்தாலும் 10-ஆம் தேதி நடந்தது திரும்ப நடந்திருக்கும். குரோமில் மோதிய இரண்டு கணக்குகள் இனி பயர்பாக்ஸில் மோதும், அவ்வளவுதான். எந்தப் பிரச்சினைக்காக என்னைக் கூப்பிட்டார்களோ அதை நான் தொடவே இல்லை. அன்றைக்கே அந்த டிக்கை எடுத்துவிட்டேன்.

பிரைவேட் விண்டோ என்ற யோசனை

நடத்துபவரே ஒரு யோசனை சொன்னார்: இன்காக்னிட்டோவில் திறந்தால் என்ன? கீபாஸில் பதிவின் மேல் வலது கிளிக் செய்தால், முகவரிக்கான துணை மெனுவில் கணினியில் உள்ள ஒவ்வொரு பிரவுசரும் வரும், பிரைவேட் முறையில் திறக்கவும் வழி இருக்கும். அமைப்பு எதுவும் மாற்ற வேண்டியதில்லை. நல்ல யோசனைதான், ஒரு வாரம் அப்படியே செய்து பார்த்தோம்.

முதல் கணக்குக்கு அது சரியாக இருந்தது. முதல் இன்காக்னிட்டோ ஜன்னலை மூடாமல் இரண்டாவதைத் திறந்தபோது மறுபடியும் அதே கதை. குரோமில் திறந்திருக்கும் இன்காக்னிட்டோ ஜன்னல்கள் எல்லாம் தங்களுக்குள் ஒரே குக்கியைப் பகிர்ந்துகொள்ளும். எல்லாவற்றையும் மூடினால்தான் அழியும். பயர்பாக்ஸின் பிரைவேட் ஜன்னல்களும் அப்படித்தான். பெயரில் பிரைவேட் என்று இருப்பதால் ஒவ்வொரு ஜன்னலும் தனி என்ற எண்ணம் எல்லோருக்கும் வருகிறது. வேலை நெருக்கடியில் ஆறு ஜன்னல் திறந்து வைத்திருப்பவரிடம் ஒவ்வொன்றாக மூடிவிட்டு வா என்று சொல்வது நடக்கிற காரியமும் இல்லை.

இரண்டாவது முடிவு: பதிவுக்குப் பதிவு

இந்த முறை எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். கீபாஸில் ஒவ்வொரு பதிவையும் திறந்தால் ப்ராப்பர்ட்டீஸ் என்ற டேபில் ஓவர்ரைட் யூஆர்எல் என்று ஒரு பெட்டி இருக்கிறது. அந்தப் பதிவு எப்படித் திறக்க வேண்டும் என்பதை அதில் எழுதலாம். மொத்த அமைப்பு ஒன்று சொன்னாலும், பதிவில் எழுதியதுதான் செல்லும். இது பாஸ்வேர்டு கோப்புக்குள்ளேயே சேமிக்கப்படுகிறது, ஆகவே எந்தக் கணினியில் கோப்பைத் திறந்தாலும் கூடவே வரும். நமக்கு வேண்டியது இதுதான். எந்த வாடிக்கையாளர் எந்த பிரவுசர் என்பது அந்த வாடிக்கையாளரோடு சேர்ந்த விஷயம், அவருடைய பாஸ்வேர்டு இருக்கும் இடத்திலேயே அதுவும் இருக்க வேண்டும்.

எழுதும் முறை எளிது. சிஎம்டி என்று தொடங்கி, முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, அதை ஒட்டி நெளிவு அடைப்புக்குறிக்குள் பிரவுசரின் பெயர், ஒரு இடைவெளி, பிறகு மேற்கோள் குறிகளுக்குள் நெளிவு அடைப்புக்குறியோடு யூஆர்எல் என்ற சொல். பெட்டியின் ஓரத்தில் உள்ள அம்புக்குறியை அழுத்தினால் தயார் வரிகள் கீழே இறங்கும், பெரும்பாலும் தேர்ந்தெடுத்தாலே போதும். பிரவுசர் எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்று நாம் சொல்ல வேண்டியதில்லை, கீபாஸே ஒவ்வொரு கணினியிலும் தேடிக்கொள்ளும்.

பதிவுகளை மூன்றாகப் பிரித்தோம். டிஎஸ்சி வேண்டிய கம்பெனிகளும் எல்எல்பிகளும் எட்ஜ். குடும்பத்தில் ஒரே ஒரு நிறுவனம் வைத்திருக்கும் ப்ரொப்ரைட்டர்கள் குரோம். பெயர் குழம்பக்கூடிய குடும்ப நிறுவனங்கள், எண்ணிப் பார்த்தால் 22 பதிவுகள், அவற்றுக்குத் தனி ஏற்பாடு.

ஒரே குழுவில் உள்ள பதிவுகளை எல்லாம் சேர்த்துத் தேர்வு செய்து என்டர் தட்டினால் ஒன்றாகத் திருத்தலாம், ஆகவே முதல் இரண்டும் பத்து நிமிட வேலை.

22 பதிவுகளுக்குச் செய்தது

அண்ணன் குரோம், தம்பி பயர்பாக்ஸ் என்று பிரிக்கலாம் என்று முதலில் நினைத்தோம். மூன்று நிறுவனம் உள்ள குடும்பத்தில் அது உடைகிறது. குரோமின் சுயவிவரங்களைப் பயன்படுத்தலாம் என்று பார்த்தால், அதில் ஒரு பொறி இருக்கிறது. திரையில் ‘நிட்டிங்’ என்று நாம் பெயர் வைத்த சுயவிவரத்துக்கு உள்ளே கோப்புறைப் பெயர் ப்ரொஃபைல் 1, ப்ரொஃபைல் 2 என்றுதான் இருக்கும், உருவாக்கிய வரிசைப்படி. கட்டளையில் இந்தக் கோப்புறைப் பெயரைத்தான் கொடுக்க வேண்டும். ஒரு கணினியில் ப்ரொஃபைல் 2 அண்ணனுடையது, பக்கத்துக் கணினியில் ப்ரொஃபைல் 2 யாரோ ஊழியரின் சொந்த மெயில். பொதுக் கோப்பில் அந்த எண்ணை எழுதினால் ஒருவருடைய வேலை இன்னொருவர் கணக்குக்குள் போய் நிற்கும். பழைய தவறை விட மோசம்.

கடைசியில் எடுத்த வழி: குரோமுக்கு யூசர் டேட்டா டிர் என்ற கட்டளைக் குறிப்பு உண்டு. முன்னால் இரண்டு சிறுகோடு, சொற்களுக்கு நடுவே ஒவ்வொரு சிறுகோடு, பின்னால் சமக்குறி, அப்புறம் ஒரு கோப்புறையின் முகவரி. அந்தக் கோப்புறையைத் தன் வீடாகக் கொண்டு குரோம் தனியாகத் திறக்கும். குக்கி, வரலாறு, சேமித்தது எல்லாமே அதற்குள் மட்டும். கோப்புறை இல்லையென்றால் தானே உருவாக்கிக்கொள்ளும், எனவே ஐந்து கணினியிலும் முன்கூட்டி எதுவும் செய்ய வேண்டியதில்லை.

கோப்புறைப் பெயராக, திறக்கும்போது கீபாஸே மதிப்பை நிரப்பிக்கொள்ளும் யூயூஐடி என்ற இடநிரப்பியைக் கொடுத்தோம். ஒவ்வொரு பதிவுக்கும் கீபாஸ் வைத்திருக்கும் தனி எண் அது, இரண்டு பதிவுக்கு ஒன்றாக வராது. பயனர் பெயரை வைத்திருக்கலாம், அதற்கும் இடநிரப்பி உண்டு, ஆனால் வாடிக்கையாளரின் பயனர் பெயர் வட்டில் கோப்புறைப் பெயராகக் கிடப்பது தேவையில்லை என்று விட்டோம். ஒரே வரியை 22 பதிவுக்கும் மொத்தமாக எழுத முடிந்தது, இடநிரப்பி ஒவ்வொன்றையும் தனியாக்கிவிட்டது.

சோதித்தபோது அந்தப் பெண்ணையே உட்கார வைத்தோம். அண்ணன் பதிவில் கண்ட்ரோல் யூ, ஒரு குரோம் திறந்தது. தம்பி பதிவில் கண்ட்ரோல் யூ, அதன் மேல் இன்னொரு குரோம். இரண்டிலும் உள்ளே போய், ஜன்னல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டையும் புதுப்பித்துப் பார்த்தார். இரண்டு பெயரும் அசையாமல் நின்றன. இன்னொரு தடவை புதுப்பித்தார். அப்புறம் அவரே அண்ணன் ஜன்னலுக்கு நீலமும் தம்பி ஜன்னலுக்கு ஆரஞ்சும் வண்ணம் வைத்தார். அது நான் யோசிக்காதது. அன்று மாலைக்குள் குடும்பங்களுக்கு வண்ணம் வைக்கும் வேலையை அலுவலகமே எடுத்துக்கொண்டது.

140-க்கும் இதையே செய்துவிடலாமே என்று கேட்டார்கள். ஒவ்வொரு கோப்புறையும் இடம் பிடிக்கும், நாளாக ஆக வளரும், நீட்சிகளும் (எக்ஸ்டென்ஷன்) அமைப்புகளும் ஒவ்வொன்றிலும் புதிதாக வைக்க வேண்டும், பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்று குரோம் ஒவ்வொன்றிலும் கேட்கும். பழைய கணினிகள். குழப்பம் வரக்கூடிய இடத்துக்கு மட்டும் போதும் என்று நிறுத்தினோம்.

மறுத்த ஒன்று

பயனர் பெயருக்கு இடநிரப்பி இருப்பது போல பாஸ்வேர்டுக்கும் இருக்கிறது. “அண்ணா, அதையும் அந்த வரியில சேர்த்துட்டா தானா உள்ள போயிருமில்லீங்க?” என்று ஒரு பையன் கேட்டான். கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் கட்டளை வரியில் போகிற எதையும் அந்தக் கணினியில் ஓடும் மற்ற மென்பொருள்கள் பார்க்க முடியும், டாஸ்க் மேனேஜரில் ஒரு நெடுவரிசையைத் திறந்தால் கண்ணாலேயே பார்க்கலாம். முகவரியில் சேர்த்தால் பிரவுசர் வரலாற்றிலும் தங்கிவிடும். பையனுக்கு டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டினேன், அதில் குரோமின் முழுக் கட்டளையும் கோப்புறைப் பெயர் உட்படத் தெரிந்தது. அதன் பிறகு விளக்கம் தேவைப்படவில்லை.

நடுவில் நடந்த இரண்டு சறுக்கல்கள்

மாற்றங்களைச் செய்த அன்றே, நான் சேமித்த பிறகு, காலையிலிருந்து கீபாஸைத் திறந்தே வைத்திருந்த ஒருவர் வேறெதையோ மாற்றிச் சேமித்தார். கோப்பு மாறியிருக்கிறது, ஒத்திசைக்கவா, மேலெழுதவா என்று கீபாஸ் கேட்டது. அவர் மேலெழுது என்பதை அழுத்த, நான் செய்தது எல்லாம் போய்விட்டது. நல்லவேளையாக மொத்தமும் ஒரு மணி நேர வேலைதான், திரும்பச் செய்தோம். அந்தக் கேள்வி வந்தால் எப்போதும் ஒத்திசை என்று ஐந்து திரையிலும் துண்டுச்சீட்டு ஒட்டினோம்.

அடுத்தது, முன்பு வேலை பார்த்த ஒருவர் ஒரு பழைய டெண்டர் தளத்தின் பதிவில் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் என்று எழுதி வைத்திருந்தார். இப்படி ஒரு பெட்டி இருப்பது அவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது, யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார். 2022 ஜூன் 15-ஆம் தேதியோடு மைக்ரோசாப்ட் அந்த பிரவுசருக்கான ஆதரவை முடித்தது, 2023 பிப்ரவரியில் விண்டோஸ் 10-இலும் அதை எட்ஜ் வழியாக முடக்கியது. ஆகவே அந்தப் பதிவு எட்ஜுக்குத் திருப்பப்பட்டு, சாதாரண முறையில் திறந்து, தளம் ‘ஆதரவில்லாத பிரவுசர்’ என்று சொல்லிக்கொண்டிருந்தது. பதிவை எட்ஜ் என்று மாற்றி, எட்ஜின் அமைப்பில் அந்தப் பக்கத்தை எக்ஸ்புளோரர் முறையில் திறக்கும் பட்டியலில் சேர்த்தோம். கையால் அப்படிச் சேர்த்தது 30 நாளில் காலாவதியாகும். அதைப் பதிவின் குறிப்பிலேயே எழுதி வைத்திருக்கிறோம், டெண்டர் இருக்கும் மாதத்தில் யாராவது திரும்பச் சேர்த்துவிடுவார்கள்.

பிறகு என்ன ஆனது

இதை எழுதும்போது ஜிஎஸ்டிஆர்-1 தேதி மூன்று முறை வந்துபோய்விட்டது. கணக்கு மாறிய சம்பவம் ஒன்றும் இல்லை. டோக்கன் வேலை செய்யவில்லை என்ற போன் நின்றுவிட்டது, அந்த இரண்டு கணினிகளில் கம்பெனிப் பதிவுகள் எப்போதும் எட்ஜில்தான் திறக்கின்றன.

சரியாகாததும் உண்டு. கம்பெனிகள் எல்லாம் ஒரே எட்ஜில் இருப்பதால் இரண்டு கம்பெனிகள் மோதும் வாய்ப்பு அப்படியே இருக்கிறது. எட்ஜுக்கும் தனிக் கோப்புறை கொடுக்கலாம், ஆனால் ஒவ்வொன்றிலும் கையெழுத்து மென்பொருளின் சான்றிதழை மறுபடி ஏற்க வேண்டியிருந்தது, நடத்துபவர் வேண்டாம் என்றார். இப்போதைக்கு டோக்கனைக் கழற்றும்போது எட்ஜை முழுதாக மூடுவது என்ற பழக்கத்தை நம்பியிருக்கிறோம். பழக்கத்தை நம்புவது எனக்குப் பிடிக்கவில்லை.

ஒருவர் இன்னமும் முகவரியை காப்பி செய்து தன் குரோமில்தான் ஒட்டுகிறார். அப்படிச் செய்தால் பதிவில் எழுதிய எதுவும் அங்கே செல்லாது. அவரிடம் இரண்டு முறை பேசினேன். பதினைந்து வருடமாகச் செய்கிற வேலை, கை அதுவாகப் போகிறது என்கிறார். குடும்ப நிறுவனங்கள் எதுவும் அவர் கையில் இல்லாதபடி வேலையைப் பிரித்திருக்கிறார்கள்.

திரும்பச் செய்தால் மாற்றுவது

கவனித்ததை உட்கார்ந்து யோசிப்பதை முதலில் செய்வேன், கைவைப்பதைப் பிறகு. கவனித்ததை எல்லாம் கையில் வைத்துக்கொண்டே மொத்த அமைப்பில் டிக் போட்டது, ஒரே கணினியில் சோதித்துவிட்டுக் கிளம்பியது, இரண்டும் அவசரம்.

பதிவுகளைத் தொடுவதற்கு முன் எல்லாக் கணினியிலும் மூன்று பிரவுசரும் இருக்கிறதா என்று பார்ப்பேன். ஒரு மடிக்கணினியில் பயர்பாக்ஸ் இல்லாததால், அதற்கு எழுதிய சோதனைப் பதிவு பிழைச் செய்தி காட்டி நின்றது. பிரவுசர் கணினியில் இல்லையென்றால் இடநிரப்பிக்குக் காட்ட இடம் கிடையாது.

கீபாஸின் பட்டியலில் ஓவர்ரைட் யூஆர்எல் என்ற நெடுவரிசையை முதல் நாளே காட்டும்படி வைப்பேன். வியூ மெனுவில் நெடுவரிசைகளை அமைக்கும் இடத்தில் அது இருக்கிறது. எந்தப் பதிவு எங்கே திறக்கும் என்று எல்லோருக்கும் கண்ணில் பட்டிருந்தால், அந்தப் பழைய டெண்டர் பதிவு இவ்வளவு நாள் ஒளிந்திருக்காது.

நடத்துபவரின் சொந்த வங்கிப் பதிவுகளும் இதே கோப்பில்தான் இருக்கின்றன, ஊழியர்கள் நீட்சிகள் போட்டு வைத்திருக்கும் அதே குரோமில்தான் திறக்கின்றன. அவற்றைத் தனிக் கோப்பாக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். ஆடிட் சீசன் முடியட்டும் என்றார். அக்டோபரில் போக வேண்டும்.